ஊரிலிருந்து மாஸ்டர் எடுக்க உதவிய சொலிசிட்டர்: ஈஸ்ட் ஹாம் கடைக்காரர் ஒருவரின் அனுபவம்

லண்டனில் கடையோ கம்பெனியோ வைத்திருக்கும் நம் ஆட்கள் என்னைப் பார்த்ததும் ஒரே விஷயத்தைத்தான் விசாரிக்கிறார்கள். ஊரிலிருந்து சமையல் மாஸ்டரை எப்படி எடுத்தீர்கள், எந்த வக்கீல், எவ்வளவு ஆனது? கல்லாவில் நின்றுகொண்டு இதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன்.

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த் பக்கம் நானும் மனைவியும் டிபன் கடை நடத்துகிறோம். வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்க முதலாளி வாங்க வேண்டிய ஸ்பான்சர் லைசென்ஸுக்கு 2024 கடைசியில் விண்ணப்பித்தோம். 2025 கோடைக்கு முன்னால் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மாஸ்டர் வந்து சேர்ந்துவிட்டார். இடையில் நடந்த எல்லாவற்றுக்கும் துணை நின்றது ஹாரோவில் இருக்கும் ஒரு சிறிய சொலிசிட்டர் அலுவலகம். இரண்டு சொலிசிட்டர்கள், ஒரு உதவியாளர், அவ்வளவுதான் ஆட்கள். இப்போது கையில் இருக்கும் வேலையே போதும், பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கடைக்கு வந்து கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

இவர்களிடம் போவதற்கு முன்னால் வேறொருவர் எங்களைத் தேடி வந்தார். தன்னை கன்சல்டன்ட் என்று சொல்லிக்கொண்டார். "அண்ணே, உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. வருகிற ஆளிடம் பன்னிரண்டு லட்சம் வாங்கிக்கொள்வோம், அதில் உங்களுக்கும் பங்கு. லைசென்ஸ் வந்ததும் லாகின் பாஸ்வேர்டை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டோம். பன்னிரண்டு லட்சத்துக்கு ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நிலத்தை அடகு வைத்து, அக்கா நகையை விற்று வருகிறவன் அடுப்படியில் நிம்மதியாக நின்று வேலை பார்ப்பானா? இந்த மாதிரி ஆட்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் குடிவரவு ஆலோசனை சொல்லிப் பணம் வாங்கிவிட முடியாது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். சொலிசிட்டர் என்றால் அவர்களை ஒழுங்குபடுத்தும் எஸ்.ஆர்.ஏ. அமைப்பின் பதிவு இருக்க வேண்டும். சொலிசிட்டர் அல்லாத ஆலோசகர் என்றால் முன்பு ஓ.ஐ.எஸ்.சி. என்று இருந்த அமைப்பில் பதிந்திருக்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து அதன் பெயர் இமிகிரேஷன் அட்வைஸ் அதாரிட்டி. இரண்டு பதிவுகளையும் இணையத்தில் பெயர் போட்டுத் தேடிப் பார்க்கலாம். ஆளை நேரில் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

ஹாரோ அலுவலகத்தில் முதல் சந்திப்புக்கு 150 பவுண்டு. கேஸைக் கொடுத்தால் மொத்தக் கட்டணத்தில் அதைக் கழித்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண், படித்தது வளர்ந்தது எல்லாம் லண்டன். மாஸ்டருடைய பயோடேட்டா, பாஸ்போர்ட் நகல், சமையல் வீடியோ எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அதை ஓரமாக வைத்துவிட்டார். "அண்ணா, அவரைப் பிறகு பாப்பம். இப்ப உங்களிட்ட வேலை செய்யிற ஆக்கள்ட ஃபைலைக் காட்டுங்கோ" என்றார்.

அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. ஹோம் ஆஃபீஸ், அதாவது இங்கத்திய உள்துறை, லைசென்ஸ் கொடுப்பது வருகிற ஆளுக்கு அல்ல, முதலாளிக்கு. இந்த ஆளை நம்பி ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியை ஒப்படைக்கலாமா என்றுதான் பார்க்கிறார்கள். ஏற்கெனவே வேலை செய்பவர்களின் கணக்குவழக்கு சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் அதற்கு முதல் சான்று. எங்கள் கடையில், ஈஸ்ட் ஹாமில் இருக்கும் மற்றக் கடைகளைப் போலவே, மாணவர்கள் பகுதிநேரமாக வேலை செய்கிறார்கள். பட்டப்படிப்பு, முதுகலை படிப்பவர்கள் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பாடம், எப்போது விடுமுறை என்பதற்கும் முதலாளி ஆதாரம் வாங்கி வைத்திருக்க வேண்டும். இவர் ஒவ்வொரு மாணவருக்கும் அதைக் கேட்டார், யாருக்கு எப்போது வேலை என்ற ரோட்டாவோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். வேலை செய்யும் உரிமையைச் சரிபார்த்த விதத்தையும் கேட்டார். ஹோம் ஆஃபீஸ் முன்பு கொடுத்து வந்த பிளாஸ்டிக் விசாக் கார்டைப் பார்த்து நகல் எடுத்து வைத்தால் போதாது. 2022 ஏப்ரல் 6 முதல் அந்தக் கார்டு வைத்திருப்பவர்களிடம் ஷேர் கோடு என்ற சரிபார்ப்பு எண்ணை வாங்கி அரசாங்கத் தளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வைக்க வேண்டும். சட்டப்படி வேலை செய்ய உரிமை இல்லாத ஒருவரை வைத்திருந்து பிடிபட்டால் 2024 பிப்ரவரியிலிருந்து முதல் தடவை ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம், மறுபடி நடந்தால் 60,000 வரை. எங்கள் அளவுக் கடை ஒன்றை மூடுவதற்கு அது போதும்.

ஃபைல்களை அடுக்கி முடிக்கவே சில வாரங்கள் ஆயின. அதுவரை விண்ணப்பத்தைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவசரப்பட்ட நேரங்களில் என் மனைவிதான் என்னை அடக்கினாள். இந்த அலுவலகத்தின் சேவையில் மிகவும் மதிப்புள்ள பகுதி எது என்று கேட்டால், படிவம் நிரப்புவதற்கு முன்னால் நடந்த இந்த வேலையைத்தான் சொல்வேன்.

அடுத்து, எங்களுக்கு நிஜமாகவே மாஸ்டர் தேவையா என்ற கேள்வி. உள்ளூரில் இத்தனை வாரம் விளம்பரம் போட்டிருக்க வேண்டும் என்ற பழைய கட்டாயம் 2020 டிசம்பரில் ஸ்கில்டு வொர்க்கர் என்ற இப்போதைய வேலை விசா வழி வந்தபோதே போய்விட்டது. ஆனாலும் வேலை உண்மையானதாக இருக்க வேண்டும். விசாவுக்காக உண்டாக்கிய வேலையாக இருக்கக் கூடாது. நாங்கள் உள்ளூரில் ஆள் தேடிய விளம்பரம், வந்து சமைத்துக் காட்டிவிட்டுப் போனவர்கள், அவர்களுடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் என எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடையில் யார் யாருக்கு மேலே, யார் யாருக்குக் கீழே, புதிய மாஸ்டர் எங்கே வருவார் என்று ஒரு படம் வரையச் சொன்னார். அதுவும் விண்ணப்பத்தோடு போனது.

வேலை விவரம் எழுதிய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முன்னால் வந்த கன்சல்டன்ட் ஒரு மாதிரித் தாளை விட்டுப் போயிருந்தார். எட்டுப் பேரை மேற்பார்வை செய்வார், புதிய உணவு வகைகளை ஆராய்ந்து உருவாக்குவார், சந்தையை அலசுவார் என்று ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கு எழுதியது போல இருந்தது. சொலிசிட்டர் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். ஒரு சனிக்கிழமை காலை அவரே கடைக்கு வந்து அடுப்படியில் ஒரு மூலையில் நின்றார். மாவு ஆட்டுவதிலிருந்து பார்த்தார். லண்டன் குளிரில் மாவு எப்படிப் புளிக்கிறது, ஜனவரியில் அரிசி உளுந்து அளவை எப்படி மாற்றுகிறோம், எங்கே வைத்துப் புளிக்க விடுகிறோம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். சாம்பார்ப் பொடிக்கு மிளகாயும் மல்லியும் வறுக்கும் பக்குவம், ஒரு நாளைக்கு எவ்வளவு பருப்பு வாங்குவது என்ற கணக்கு, பையன்களுக்குக் கல்லில் தோசை வார்க்கப் பழக்குவது, ஒவ்வாமை தரும் 14 பொருள்களில் எது எந்தச் சட்னியில் இருக்கிறது என்று அட்டவணை வைத்திருப்பது எல்லாம் எழுதினார். ஹோம் ஆஃபீஸ் வேலைகளுக்கு எண் கொடுத்துப் பிரித்திருக்கிறது. அப்போது 5434 என்ற எண்ணில் வரும் செஃப் வேலைக்கு விசா உண்டு. அடுத்த எண்ணான 5435, சாதாரணச் சமையல்காரர் வேலைக்கு இல்லை. சொன்னதைச் செய்து கொடுப்பவரா, அல்லது பட்டியல் போட்டு, கணக்குப் பார்த்து, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்து அடுப்படியை நடத்துபவரா என்பதைப் பொறுத்து எண் மாறும். எங்கள் மாஸ்டர் செய்யப்போகும் வேலை இரண்டாவது வகைதான். அதை உள்ளது உள்ளபடி எழுதினாலே போதும் என்பதை அந்தச் சனிக்கிழமை பார்த்தேன். ஒரு வரி கூட மிகையாக இல்லை, ஆனால் எங்கள் அடுப்படியின் மரியாதை முழுவதும் அந்தத் தாளில் இருந்தது. அதை பிரிண்ட் எடுத்து இன்னும் வைத்திருக்கிறேன்.

விண்ணப்பம் போட்ட கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இணையத்தில் படிவம் அனுப்பிய 5 வேலை நாட்களுக்குள் கையெழுத்திட்ட தாளும் ஆவணங்களும் போய்ச் சேர வேண்டும். வருமான வரித் துறையில் முதலாளியாகப் பதிந்த சான்று, வாட் பதிவு, கடைக் குத்தகை, வங்கிக் கணக்கு, நியூஹாம் கவுன்சிலில் உணவுக் கடையாகப் பதிந்த சான்று, குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கான முதலாளி பொறுப்புக் காப்பீடு ஆகியவை எங்களிடம் கேட்கப்பட்டன. எல்லாம் முன்பே தயாராக இருந்ததால் ஒரே மாலையில் போய்விட்டது. 500 பவுண்டு கூடுதலாகக் கட்டி விரைவாக முடிவு வாங்கும் வழி ஒன்று அப்போது இருந்தது. மாஸ்டர் ஆங்கிலத் தேர்வே இன்னும் எழுதவில்லை, எதற்கு அந்தச் செலவு என்று சொலிசிட்டரே தடுத்துவிட்டார்.

லைசென்ஸுக்குப் பொறுப்பாளர் நான். லைசென்ஸோடு ஹோம் ஆஃபீஸ் தரும் இணையக் கணக்கை இயக்குபவர் என் மனைவி. அந்தக் கணக்கில் சொலிசிட்டரையும் ஒரு பயனராகச் சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் முதலில் கடையைச் சேர்ந்த ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பாஸ்வேர்டை யாருக்கும், தனக்கும்கூட, கொடுக்க வேண்டாம் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். அந்தக் கணக்கில் யார் எதைப் பதிந்தாலும் பொறுப்பு முதலாளியுடையது. தெரியாத ஒருவர் உங்கள் பெயரில் பத்துப் பேருக்கு, விசாவுக்குத் தேவையான ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் கொடுத்து ஊரில் விற்றுவிட்டாலும் உங்கள் லைசென்ஸ்தான் போகும். லைசென்ஸ் போனால் உங்களை நம்பி வந்தவருக்கு வேறு ஸ்பான்சர் தேடிக்கொள்ள வழக்கமாக 60 நாள்தான் தருவார்கள்.

இனி பணக் கணக்கு. இவை நாங்கள் கட்டிய தொகைகள். பல கட்டணங்கள் 2025 ஏப்ரல் 9இல் ஏறிவிட்டன, அதைக் கடைசியில் சொல்கிறேன். எங்களுடையது சிறிய நிறுவனம் என்பதால் லைசென்ஸுக்கு 536 பவுண்டு. மாஸ்டருக்கான ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கு 239. வெளிநாட்டு ஆளை எடுக்கும் முதலாளி கட்ட வேண்டிய திறன் வரி என்று ஒன்று உண்டு, சிறிய நிறுவனத்துக்கு அப்போது ஆண்டுக்கு 364. மாஸ்டருக்கு மூன்று ஆண்டு விசா என்பதால் 1,092. விசாக் கட்டணம் 719. மருத்துவத்துக்காக என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையின் கணக்கில் ஆண்டுக்கு 1,035 வீதம் 3,105. ஆக அரசாங்கத்துக்கு மட்டும் 5,691 பவுண்டு. சொலிசிட்டருக்கு லைசென்ஸ் வேலைக்கு 2,200, மாஸ்டரின் சான்றிதழ், விசா வேலைக்கு 1,200, அதற்கு மேல் வாட் 20 சதவீதம் சேர்த்து 4,080. எல்லாம் முதலிலேயே எழுதிக் கொடுத்த தொகைகள், நடுவில் ஏறவில்லை. லைசென்ஸ் மறுக்கப்பட்டால் அரசாங்கம் கட்டணத்தைத் திருப்பித் தராது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

இதில் எதை வேலைக்கு வருபவரிடம் வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதில் சொலிசிட்டர் மிகத் தெளிவாக இருந்தார். திறன் வரியை ஒருபோதும் வாங்கக் கூடாது. லைசென்ஸ் கட்டணம், அதைச் சார்ந்த நிர்வாகச் செலவு, 2024 டிசம்பர் 31 முதல் கொடுக்கப்படும் சான்றிதழுக்கான கட்டணம் ஆகியவற்றையும் ஸ்கில்டு வொர்க்கரிடம் வாங்கக் கூடாது. வாங்கினால் லைசென்ஸ் பறிபோகும். விசாக் கட்டணத்தையும் மருத்துவக் கட்டணத்தையும் அவரையே கட்டச் சொல்லலாம், தடையில்லை. நாங்களே எல்லாவற்றையும் கட்டினோம். சங்கரன்கோவிலில் ஒரு மனுஷன் கடன் இல்லாமல் விமானம் ஏறினால் அது கடைக்கும் நல்லது.

சம்பளத்தைப் பற்றி யாரும் ஏமாற வேண்டாம். அப்போது ஆண்டுக்கு 38,700 பவுண்டுக்குக் குறையக் கூடாது. மாதம் 3,225. கணக்கில் மட்டும் காட்டி, கையில் பாதியைத் திருப்பி வாங்கும் பழக்கம் சில இடங்களில் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். சொலிசிட்டர் அதைப் பற்றிப் பேச்செடுத்து, அப்படி ஒரு எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் இந்தக் கேஸை எடுக்க மாட்டேன் என்றார். வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கான சம்பளம் அந்த வரம்புக்குச் சேராது. நாம் கொடுக்கும் சாப்பாடு, தங்கும் அறை எதுவும் சேராது. எங்கள் அளவுக் கடைக்கு இது பெரிய சம்பளம். விலையைக் கொஞ்சம் ஏற்றினோம், மெனுவில் பாதியைக் குறைத்தோம், மாஸ்டரின் கைக்குத் தகுந்ததை மட்டும் வைத்தோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாஸ்டருக்குச் சான்றிதழ் கொடுப்பதற்கு முன்னால் சொலிசிட்டர் அவருடன் வீடியோவில் பேச வேண்டும் என்றார். சரி என்று அவர் அலுவலகத்திலேயே உட்கார்ந்து இணைப்பைப் போட்டோம். ஐந்து நிமிடம் நலம் விசாரித்துவிட்டு என்னை வெளியே இருக்கச் சொன்னார். பிறகு மாஸ்டரே என்னிடம் சொன்னார், என்ன கேட்டார் என்று. இந்த வேலைக்காக யாருக்காவது பணம் கொடுத்தீர்களா? சம்பளம் எவ்வளவு என்று தெரியுமா? எத்தனை மணி நேர வேலை? பாஸ்போர்ட்டை யாராவது வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொன்னார்களா? பிடிக்கவில்லை என்றால் வேறு ஸ்பான்சரிடம் மாறலாம் என்பது தெரியுமா? எல்லாவற்றையும் தமிழிலேயே கேட்டிருக்கிறார். ஒப்பந்தத்தை வரி வரியாகத் தமிழில் விளக்கியிருக்கிறார். கட்டணம் கட்டுவது நான். ஆனால் அந்த அரை மணி நேரம் அவர் மாஸ்டரின் பக்கம் உட்கார்ந்திருந்தார். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை, பெருமையாகவே இருந்தது. வக்கீல் தேடும் முதலாளிகள் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: வருகிறவருடன் தனியாகப் பேசுவீர்களா? இல்லை என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

மாஸ்டரின் பக்கம் தாமதமானது ஆங்கிலத் தேர்வால்தான். அப்போது பி1 என்ற நடுத்தர நிலை போதும். பேச, கேட்க, படிக்க, எழுத நான்கிலும் தேற வேண்டும். கல்லில் நின்றே வளர்ந்த மனிதர், மதுரையில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து படித்துத் தேறினார். காசநோய்ப் பரிசோதனை, விசா விண்ணப்பம் எல்லாம் சென்னையில். வங்கியில் 1,270 பவுண்டு வைத்திருந்து காட்ட வேண்டும் என்ற விதிக்கு, முதல் மாதச் செலவுக்கு நாங்கள் பொறுப்பு என்று சான்றிதழிலேயே குறித்துவிடலாம். அப்படிச் செய்ததால் அவர் யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை.

அவர் வந்து சேர்ந்த பிறகு ஹோம் ஆஃபீஸ் அதிகாரிகள் இருவர், முன்கூட்டிச் சொல்லாமல், மதியக் கூட்டம் அடங்குகிற நேரத்தில் வந்தார்கள். சொலிசிட்டருக்கு போன் போட்டேன். "பதட்டப்படாதேங்கோ. நீல ஃபைலைக் குடுங்கோ. கேட்டதுக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கோ" என்றார். நீல ஃபைலில் அவர் அடுக்கிக் கொடுத்தபடியே எல்லாம் இருந்தன: பாஸ்போர்ட், விசா விவரம், ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், அவை வங்கியில் போன ஆதாரம், விடுமுறைப் பதிவு, வீட்டு முகவரி, அந்த முகவரி எப்போது மாறியது என்ற குறிப்பு. மாஸ்டரைத் தனியாக அழைத்து என்ன வேலை, எவ்வளவு சம்பளம், மேலாளர் யார் என்று கேட்டார்கள். தன் வேலையைச் சொல்ல அவருக்கு என்ன தயக்கம்? கிரைண்டரைக் காட்டி விளக்கியிருக்கிறார். போகும்போது குறை ஒன்றும் எழுதவில்லை. லைசென்ஸ் குறையில்லாதவர்களுக்கான ஏ தரத்திலேயே இருக்கிறது.

அப்புறம் குறைகள். சனி, ஞாயிறு போனை எடுக்க மாட்டார்கள். உணவகம் நடத்துபவருக்கு வேலை கூடுவதே அந்த இரண்டு நாள்தான். அதிகாரிகள் வந்தது வார நாளில் என்பதால் தப்பித்தோம். உதவியாளர் அனுப்பும் மின்னஞ்சல்கள் மிக நீளம். எல்லாம் ஆங்கிலத்தில், விதி எண்களோடு இருக்கும். என்ன செய்ய வேண்டும் என்பது கடைசிப் பத்தியில்தான் கிடைக்கும். லைசென்ஸ் வந்த பிறகு மாதம் 90 பவுண்டுக்குத் தொடர் சேவை ஒன்று எடுக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு தொழிலாளி இருக்கும் கடைக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். எதை எப்போது தெரிவிக்க வேண்டும் என்று அவர்களே ஒரு தாள் கொடுத்தார்கள்: அனுமதியில்லாமல் தொடர்ந்து 10 வேலை நாள் வராவிட்டால், சம்பளம் குறைந்தால், வேலை செய்யும் இடம் மாறினால் 10 வேலை நாளுக்குள், கடையின் உரிமை, முகவரி போன்றவை மாறினால் 20 வேலை நாளுக்குள். என் மனைவி அதைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்து அவளே பார்த்துக்கொள்கிறாள். ஐந்து, பத்துப் பேரை எடுத்த நிறுவனங்களுக்கு அந்த மாதச் சேவை பயன்படலாம்.

இரண்டாவது மாஸ்டர் விஷயத்தில் இவர்கள் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு முழுத் திருப்தி தந்தது. இல்ஃபோர்டில் ஒரு கிளை போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம், அதற்கு இன்னொருவரை எடுக்க முன்பணமும் கட்டியிருந்தோம். 2025 மே 12இல் குடிவரவு விதிகளை இறுக்கப்போவதாக அரசாங்கத்தின் வெள்ளை அறிக்கை வந்த அதே வாரத்தில் போன் வந்தது. ஜூலை 22 முதல் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குப் பட்டப்படிப்பு நிலை வேலைகள்தான், தற்காலிகப் பட்டியல்களில் இருக்கும் சில வேலைகள் மட்டும் விலக்கு என்று பின்னர் விதியாகவே வந்தது. செஃப் அந்தப் பட்டியல்களில் இல்லை. அந்தத் தேதிக்கு முன்னால் சான்றிதழ் கொடுத்துவிட்டால் பழைய விதிப்படி பார்ப்பார்கள் என்பதால் லண்டன் முழுக்க ஓட்டமாக இருந்தது. எங்கள் கிளைக்குக் குத்தகையே கையெழுத்தாகவில்லை. இல்லாத அடுப்படிக்கு ஆள் தேவை என்று எழுத முடியாது என்று சொல்லி, முன்பணம் முழுவதையும் அந்த மாதமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு தாளை நிரப்பிக் கட்டணத்தை வாங்கிக்கொள்ள அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஆகவே உணவகம் வைத்திருப்பவர்களுக்கு: 2025 ஜூலை 22க்குப் பிறகு, இந்த வழியில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒரு செஃப்பை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தத் தேதிக்கு முன்பே இந்த விசாவில் இங்கே இருப்பவர்களை உங்கள் லைசென்ஸில் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. அதற்கு சொலிசிட்டரைப் பாருங்கள். பராமரிப்பு இல்லம் நடத்துகிறவர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து கேர் வொர்க்கர் எடுப்பது அதே நாளில் நின்றுவிட்டது. பொறியாளர், கணக்காய்வாளர், மென்பொருள் ஆட்கள் தேவைப்படும் நிறுவனங்களுக்குக் கதவு திறந்திருக்கிறது, செலவு ஏறியிருக்கிறது. 2025 ஏப்ரல் 9இல் சிறிய நிறுவனத்துக்கு லைசென்ஸ் 574 பவுண்டாகவும் சான்றிதழ் 525 ஆகவும் ஏறின. ஜூலை 22 முதல் பொதுச் சம்பள வரம்பு 41,700. டிசம்பர் 16 முதல் திறன் வரி ஆண்டுக்கு 480. 2026 ஜனவரி 8 முதல் புதிதாக விண்ணப்பிப்பவருக்கு ஆங்கிலம் பி2. வெம்ப்ளியில் கட்டட வடிவமைப்பு நிறுவனம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், என்னிடம் கேட்டு இதே ஹாரோ அலுவலகத்துக்குப் போய் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை எடுத்திருக்கிறார். அவருக்கும் முதல் நாள் கேட்டது ஏற்கெனவே வேலை செய்கிறவர்களின் ஃபைலைத்தானாம்.

எங்கள் மாஸ்டரின் விசா 2028இல் முடிகிறது. இடைவெளி விடாமல் இதே வழியில் இருப்பதால் நீட்டிக்கலாம், ஆனால் அன்றைக்கு நடப்பில் இருக்கும் சம்பள வரம்பைக் கொடுத்தாக வேண்டும். இப்போதைய கணக்குப்படியே மாதம் 3,475 பவுண்டு. இதைச் சொலிசிட்டர் எங்களிடமும் மாஸ்டரிடமும் ஒரே நாளில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார், இரண்டு பேரும் இப்போதிருந்தே திட்டம் போடட்டும் என்று. அந்த நீட்டிப்பு வேலையையும் இவர்களிடம்தான் கொடுக்கப் போகிறோம்.